பயன்பாட்டுப் புள்ளியியல் இறுதியாண்டு ஆய்வு: தலைப்பு தொடங்கி வைவா (வாய்மொழித் தேர்வு) வரை எதை எந்த வரிசையில் செய்வது

பினாங்கு சுங்கை டுவாவில் ஒரு மாமாக் கடை மேசைதான் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வகுப்பறை. புள்ளியியல் இறுதியாண்டுப் பிள்ளைகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, “அண்ணே, எந்த டெஸ்ட் போடணும்?” என்று கேட்பார்கள். “உன் கேள்வி என்ன, தம்பி?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அங்கேயே தே தாரிக் தேநீர் ஆறிவிடும்.

எஃப்ஒய்பி என்று நாம் சொல்லும் இறுதியாண்டு ஆய்வு பெரும்பாலும் இரண்டு செமஸ்டர் ஓடும். செமஸ்டருக்கு 14 வாரம். கணக்குத் தெரியாததால் தடுமாறுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்து மாட்டிக்கொள்கிறவர்களே அதிகம். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிகழ்தகவு, கருதுகோள் சோதனை, ரெக்ரஷன் (ஒரு மாறியைக் கொண்டு இன்னொன்றை விளக்கும் கணக்கு), மாதிரியெடுப்பு ஆகிய நான்கு பாடங்களின் நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான எஸ்டிபிஎம்மில் கணிதம் டி எடுத்தவர்கள் மூன்றாம் தவணையிலேயே புள்ளியியலைத் தொட்டிருப்பார்கள். மெட்ரிகுலேஷன் வழியாக வந்தவர்கள் கருதுகோள் சோதனையை மட்டும் ஒருமுறை திரும்பப் படித்துவிடுவது நல்லது. பலர் தூக்கம் வருகிறது என்று ஒதுக்கிய மாதிரியெடுப்புதான் பின்னால் அதிகம் தேவைப்படும்.

மென்பொருள் ஒன்று போதும். ஆர் இலவசம், வீட்டிலும் ஓடும். எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு உரிமம் வேண்டும். பலருக்கு அது வளாகக் கணினிக் கூடத்தில்தான் கிடைக்கும். எஸ்பிஎஸ்எஸ்தான் என்று முடிவு செய்தால், ஒவ்வொரு முறையும் ‘ஓகே’வை அழுத்தாமல் ‘பேஸ்ட்’டை அழுத்துங்கள். நீங்கள் சொடுக்கியதெல்லாம் கட்டளைகளாக ஒரு கோப்பில் சேரும். மூன்று மாதம் கழித்து எஸ்வி (ஆய்வு மேற்பார்வையாளர்) “இந்த எண் எப்படி வந்தது?” என்று கேட்கும்போது அந்தக் கோப்புதான் பதில் சொல்லும்.

கணினியில் மூன்று கோப்புறைகள் திறந்து மூலம், வேலை, வெளியீடு என்று பெயரிடுங்கள். முதலில் கைக்கு வந்த தரவு ‘மூல’த்துக்குள் போகட்டும். அதைத் திறந்து பார்க்கலாம், சேமிக்கக் கூடாது. எக்செல்லில் திறந்து சேமித்தாலே சில மதிப்புகள் சத்தமில்லாமல் மாறிவிடும். எப்படி என்பது ஐந்தாம் பகுதியில்.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கே உரியது. ஆரம்பத்தில் தமிழ்ப்பள்ளி, இடைநிலையில் மலாய், பல்கலைக்கழகத்தில் பாதி ஆங்கிலம். ஒரே பொருளுக்கு மூன்று சொல். தமிழில் சராசரி என்று படித்தது மலாயில் ‘மின்’ ஆகிறது. ஒரு தங்கச்சி ஆரில் வயதுக்கு ‘மின்’ என்று தட்டி, வந்த விடையைப் பார்த்து, ‘பங்கேற்றவர்களின் சராசரி வயது 19’ என்று எழுதிவிட்டாள். ஆரில் மின் என்றால் ஆகக் குறைந்த மதிப்பு. முகட்டை, அதாவது அதிக முறை வரும் மதிப்பைத் தேடி ‘மோட்’ என்று தட்டினாலும் இதே கதைதான். முகடு வராது, ‘நியூமெரிக்’ என்று தரவின் வகையைச் சொல்லும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு பத்தி போட்டு, தமிழில் என்ன, மலாயில் என்ன, ஆங்கிலத்தில் என்ன, மென்பொருளில் என்ன கட்டளை என்று எழுதி வையுங்கள். திட்டவிலக்கம் என்றால் சிசிஹான் பியாவாய், நிகழ்தகவு என்றால் கெபாராங்காலியான் என்று முப்பது சொல் சேர்ந்தால் போதும்.

2. கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

‘சமூக ஊடகமும் மாணவர் மன அழுத்தமும்’ என்று தலைப்பு வைத்துவிட்டு, கேள்வி எங்கே என்று தேடுகிறவர்கள் நிறைய. முதல் இரண்டு வாரம் தலைப்பை மறந்துவிட்டு நான்கு வரி எழுதுங்கள். எதை விளக்கப் பார்க்கிறேன், எதைக் கொண்டு விளக்குவேன், யாரைப் பற்றி, எந்தக் காலத்துக்கு.

ஐந்தாவதாக ஒரு வரியும் உண்டு. பெரும்பாலோர் விடுவது அதைத்தான். என் தரவில் ஒரு வரிசை என்பது எது? ஒரு ஆளா, ஒரு நாளா, ஒரு கடையா? இதற்குப் பதில் தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே ஆளைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தால், ஒருவருக்கு இரண்டு அளவுகள். அவற்றைத் தனித்தனி ஆட்களாக எண்ணி சாதாரண டி சோதனை போட்டால், இணைச் சோதனை தந்திருக்கும் கூர்மை போய்விடும், விடையும் தப்பாகும்.

எழுதியதும், விளக்கப் பயன்படும் மாறி உண்மையில் மாறுகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் விலைக்கும் கோலாலம்பூர் ரயில் பயணிகள் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் அவன் எடுத்தது ரோன்95 என்ற பெட்ரோல் வகையின் விலை. 2021 தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் அது லிட்டருக்கு 2.05 ரிங்கிட்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அசையாத ஒன்று, அசையும் ஒன்றை விளக்காது. ரெக்ரஷனில் போட்டபோது ஆர் அந்த மாறிக்கு எதிரே வெறும் ‘என்ஏ’ (மதிப்பு இல்லை) என்று காட்டியது. மென்பொருளில் கோளாறு என்று இரண்டு நாள் போராடியிருக்கிறான். வாரா வாரம் ஏறி இறங்கும் ரோன்97-க்கு மாறியதும் ஆய்வு நகர்ந்தது.

3. தரவு உண்மையிலேயே கைக்கு வருமா?

கேள்வி பிடித்த மறுவாரமே தரவைத் தொட்டுவிடுங்கள். ‘கிடைக்கும் என்று சொன்னார்கள்’ என்பது தரவு ஆகாது.

இதை நான் என் தோலில் கற்றேன். ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளை நம்பி ஐந்து வாரம் முன்னுரை எழுதினேன். பதிவுகள் வரவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஆய்வு செய்ய தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடான என்எம்ஆர்ஆரில் பதிய வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்பதை முதல் வாரத்தில் நான் விசாரித்திருக்க வேண்டும். மனிதர்களைப் பற்றிய எந்தத் தரவானாலும், உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று முதலில் கேளுங்கள்.

திறந்த தரவு வேண்டுமானால் நமக்குக் குறையே இல்லை. புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளம் இருக்கிறது, அரசின் டேட்டா.கவ்.மை இருக்கிறது. ரயில், பேருந்துப் பயணிகள் எண்ணிக்கை நாள்வாரியாக, எண்ணெய் விலை வாரவாரியாக, குடும்ப வருமானம் மாநில, மாவட்ட வாரியாகக் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது பிரைஸ்கேட்சர். கடைகளிலும் சந்தைகளிலும் அதிகாரிகள் குறித்து வந்த பொருள் விலைகள், மாதத்துக்கு ஒரு கோப்பு. திறந்ததும் புதியவர்கள் மிரள்வார்கள். தேதி, கடையின் குறியீடு, பொருளின் குறியீடு, விலை, வேறொன்றும் இருக்காது. கோழி எது, தேங்காய் எது என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது. பொருள் பட்டியலும் கடைப் பட்டியலும் தனிக் கோப்புகளாக இருக்கும். குறியீட்டை வைத்து மூன்றையும் இணைக்க வேண்டும். இணைத்த பிறகு வரிசை எண்ணிக்கையைப் பாருங்கள். இணைப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தால், பட்டியலில் ஏதோ ஒரு குறியீடு இரண்டு முறை வந்திருக்கிறது. இந்த வேலைக்கு எக்செல் வேண்டாம். அதன் தாளில் 1,048,576 வரிசைக்கு மேல் இடமில்லை, மீதியை வெட்டிவிடும்.

4. நீங்களே கணக்கெடுப்பு நடத்துவதானால்

முடிந்தால் தவிர்த்துவிடுங்கள் என்பேன். தவிர்க்க முடியாது என்றால், வினாப்பட்டியலுக்கு முன்னால் யாரிடம் கேட்பது என்பதை முடிவு செய்யுங்கள்.

மலேசிய மாணவர் ஆய்வுகளில், எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணையைக் காட்டாதவர்கள் குறைவு. 1970-இல் வந்தது. முழுமைத்தொகுதி (ஆய்வு யாரைப் பற்றியதோ அந்த மொத்தப் பேர்) 1,000 என்றால் மாதிரி 278, 10,000 என்றால் 370, பத்து லட்சம் என்றால் 384. எண்கள் சரிதான். ஆனால் அந்த அட்டவணை, ஒரு விகிதத்தை 95 விழுக்காடு நம்பகத்தில் 5 விழுக்காட்டுப் புள்ளிப் பிழை வரம்புக்குள் மதிப்பிடுவதற்கானது. மாதிரியும் குலுக்கலாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கூகள் படிவத்தை வீசிவிட்டு, 384 பேர் நிரப்பினார்கள், ஆகவே பினாங்கு இளைஞர்கள் இப்படி என்று எழுதினால் அட்டவணை காப்பாற்றாது. உங்கள் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் 384 பேர், அவ்வளவுதான்.

குலுக்கல் முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே எழுதுங்கள். முடிவை அந்தக் குழுவோடு நிறுத்துங்கள். அதற்காக எஸ்வி மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை. ‘நாடு முழுவதும்’ என்று நீட்டியவர்கள்தான் வைவாவில் வியர்த்தார்கள்.

வினாக்களில் நான் அடிக்கடி சிவப்பு மையால் வட்டமிடுபவை மூன்று. முதலாவது வயது: ‘18–25, 25–30’ என்று போட்டால் 25 வயதுக்காரர் எங்கே டிக் செய்வார்? இரண்டாவது, ஒரே வரியில் இரண்டு கேள்வி: ‘விரிவுரையாளர் தெளிவாகவும் அக்கறையாகவும் கற்பிக்கிறார்.’ தெளிவு உண்டு, அக்கறை இல்லை என்பவர் என்ன செய்வார்? மூன்றாவது, அடையாள அட்டை எண் கேட்பது. ஆய்வுக்கு அது எதற்கு? வயது வேண்டுமானால் வயதைக் கேளுங்கள். தனிநபர் தரவைத் தேவையில்லாமல் கையில் வைத்திருப்பது உங்களுக்குத்தான் சுமை.

பட்டர்வொர்த் பக்கம் வயதானவர்களிடம் கேட்பதானால் தமிழ் வினாத்தாள் வேண்டியிருக்கும். ஒருவர் தமிழாக்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ திருப்பட்டும். திரும்பி வந்தது மூலத்தோடு ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் தமிழ் வழுக்கியிருக்கிறது. ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை ஒரு பாட்டி ‘ப்ரஷரா? மாத்திரை சாப்பிடுறேனே, கண்ணு’ என்று எடுத்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

அப்புறம் முப்பது பேரிடம் முன்னோட்டம். அந்த முப்பது பேரின் விடைகளை உண்மையான மாதிரியோடு கலக்காதீர்கள். முன்னோட்டத்துக்குப் பிறகு கேள்விகளை மாற்றியிருப்பீர்கள்.

5. தரவைத் துப்புரவாக்குவது

இதற்கு நான்கு வாரம் ஒதுக்குங்கள். ‘ஒரு நாள் வேலைதானே’ என்று வந்தவர்கள் யாரும் ஒரு நாளில் முடித்ததில்லை.

விடை இல்லாத இடத்துக்கு 999 என்று குறியீடு போடுவது பழைய வழக்கம். அது விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளிடம் சொல்லாவிட்டால், அதையும் வயதாகவே எண்ணும். 120 பேரில் 114 பேரின் சராசரி வயது 22, ஆறு பேருக்கு 999 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சராசரி 70.85 வரும். வயதில் இது கண்ணை உறுத்தும், கண்டுபிடித்துவிடலாம். 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணில் 9 என்று குறியீடு போட்டால் சராசரி 3.1 இருக்க வேண்டிய இடத்தில் 3.4 வரும். அது யார் கண்ணிலும் படாது. அதனால் முதல் வேலை, ஒவ்வொரு மாறிக்கும் ஆகக் குறைந்ததையும் ஆக அதிகமானதையும் பார்ப்பது.

அடுத்து, முன்னால் நிற்கும் பூஜ்யம். பினாங்குத் தீவில் வேலை பார்த்துக்கொண்டு பக்கத்து மாநிலமான கெடாவில் குடியிருப்பவர்கள் எத்தனையோ பேர். சுங்கை பட்டாணி அஞ்சல் குறியீடு 08000, கூலிம் 09000. எக்செல் இவற்றை எண் என்று நினைத்து 8000, 9000 ஆக்கிவிடும். பினாங்குக் குறியீடுகள் 1-இல் தொடங்குவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பாதி சரியாக, பாதி பிழையாக இருப்பது கண்ணில் படாமல் போவதற்கு இதுதான் காரணம். 2003-இல் பிறந்தவரின் அடையாள அட்டை எண் 03-இல் தொடங்கும். அதற்கும் இதே கதி. தரவை ஏற்றும்போதே அந்தப் பத்தி எழுத்து, எண் அல்ல என்று சொல்லிவிடுங்கள்.

தேதியும் அப்படித்தான். நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி 05/03/2024 என்பதை மே 3 என்று படிக்கும். 13/03/2024 அதற்குப் புரியாது, எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இந்த நோய்தான். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் மட்டும் வேறு மாதங்களுக்குப் பறந்திருக்கும்.

பெயர்கள். ‘பினாங்’, ‘பூலாவ் பினாங்’, ‘பி. பினாங்’, கடைசியில் ஒரு இடைவெளியோடு மறுபடியும் ‘பூலாவ் பினாங்’. மென்பொருளுக்கு இவை நான்கு மாநிலங்கள். எது எத்தனை முறை வந்தது என்று அலைவெண் அட்டவணை போட்டுப் பார்த்தால் உடனே தெரியும்.

கணக்கெடுப்புத் தரவில் எதிர்மறையாக எழுதிய வினாக்களைத் திருப்ப மறக்காதீர்கள். ஐந்து புள்ளி அளவுகோல் என்றால் 6-இலிருந்து மதிப்பைக் கழிப்பது, அவ்வளவுதான். திருப்பாமல் கிரான்பாக் ஆல்ஃபா (வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் அளவு) கணக்கிட்டு, 0.7-க்குக் கீழே வந்துவிட்டதே என்று நல்ல வினாக்களைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. ஆல்ஃபா எதிர்க்குறியோடு வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்று திரும்பாமல் நிற்கிறது.

மாற்றிய ஒவ்வொன்றையும் தேதியோடு ஒரு வரி குறித்து வையுங்கள். அறிக்கையில் முறையைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்தில் பாதி அதிலிருந்தே வரும்.

6. சோதனைக்கு முன் வரைபடம்

ஒவ்வொரு மாறியையும் தனியாக வரையுங்கள், பிறகு இரண்டிரண்டாக. 1973-இல் அன்ஸ்கோம் காட்டிய நான்கு தரவுத் தொகுப்புகளை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். நான்கிலும் சராசரி ஒன்றே, ஒட்டுறவு 0.816-தான், ரெக்ரஷன் கோடும் ஒன்றே. வரைந்தால் ஒன்று வளைவு, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டை இழுத்துப் பிடித்திருக்கும்.

வருமானம், விலை, காத்திருக்கும் நேரம் போன்றவை வலப்பக்கம் நீளும். 2022-இல் மலேசியக் குடும்பங்களின் மாத வருமானச் சராசரி 8,479 ரிங்கிட், இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 6,338 ரிங்கிட். இரண்டாயிரத்துக்கு மேல் இடைவெளி. எதைச் சொல்லப் போகிறீர்கள், ஏன் என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.

7. இப்போதுதான் முறை

கேள்வியும் வரிசையும் வரைபடமும் தெளிவாக இருந்தால், முறை பெரும்பாலும் தானாக வந்து உட்காரும். விளக்க வேண்டியது அளவா, ஆம்–இல்லையா, எண்ணிக்கையா என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். ‘பெரிய முறை போட்டால் பெரிய மதிப்பெண்’ என்ற எண்ணத்தைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ரெக்ரஷனில் எல்லோரும் செய்யும் தவறு, மூல மாறிகளை எடுத்து நார்மல் (மணி வடிவப்) பரவலா என்று சோதிப்பது. ரெக்ரஷன் மாடல் எதிர்பார்ப்பது எச்சங்கள் (உண்மை மதிப்புக்கும் மாடல் சொல்லும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்கள்) நார்மலாக இருப்பதை. முதலில் மாடலைப் பொருத்தி, எச்சங்களை எடுத்து, பொருத்திய மதிப்புகளுக்கு எதிராக வரையுங்கள். புள்ளிகள் புனல்போல் விரிந்தால் சிதறல் சீராக இல்லை. வளைந்தால் நேர்கோடு போதவில்லை.

காலத்தொடர் எடுத்தவர்களுக்கு நம் நாட்டில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாடநூலில் பருவம் என்றால் 12 மாதத்துக்கு ஒருமுறை திரும்பி வருவது. நோன்புப் பெருநாள் அப்படி வராது. 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 10, 2025-இல் மார்ச் 31 என்று ஆண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்கிறது. தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. கோழி விலையானாலும் ரயில் பயணிகளானாலும், பெருநாள் எந்த மாதத்தில் விழுந்தது என்பதற்குத் தனியாக 0–1 மாறி வைக்காவிட்டால், பருவ மாடல் போன ஆண்டு மாதத்திலேயே உச்சத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் அப்படியே. அந்த மாதங்களைப் புறமதிப்பு (மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது) என்று அழிப்பதைவிட, அந்தக் காலத்துக்கு ஒரு மாறி வைப்பதே நேர்மை.

முன்கணிப்பைச் சோதிக்கக் கடைசி 12 மாதத்தை ஒதுக்கி வையுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குலுக்கி எடுக்கக் கூடாது. ஜூன் மாதத்தைத் தெரிந்துகொண்டு மே மாதத்தைக் கணிப்பது கணிப்பே இல்லை.

8. எழுதும் வரிசை

முதலில் முடிவுகள், பிறகு முறை, பிறகு கலந்துரையாடல், கடைசியில் முன்னுரை. முன்னுரையை முதலில் எழுதியவர்கள் எல்லோரும் அதைத் திரும்ப எழுதினார்கள்.

எஸ்பிஎஸ்எஸ் பி மதிப்பை (உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ தொடர்பு தென்படும் வாய்ப்பை) .000 என்று காட்டும். அது பூஜ்யம் அல்ல, மூன்று தசம இடத்துக்குள் அடங்கவில்லை. ‘பி < 0.001’ என்று எழுதுங்கள். பி மதிப்பு 0.05-ஐத் தாண்டினால் ‘இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது’, அதாவது தொடர்பு இல்லை என்பது உறுதியானது, என்று எழுதக் கூடாது. மறுக்கப் போதிய சான்று இல்லை, அவ்வளவே. வயதுச் சராசரி 22.3684 என்று நான்கு தசமம் எழுதுவது துல்லியம் ஆகாது, 22.4 போதும். மென்பொருள் அட்டவணையைத் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். வேண்டிய எண்களை மட்டும் எடுத்து நீங்களே போடுங்கள்.

9. வைவா

பெரும்பாலும் கேட்பது மூன்று: ஏன் இந்த முறை, மாதிரி யாரைக் குறிக்கிறது, இந்தக் கெழுவின் (ஒரு மாறி ஓர் அலகு கூடினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று ரெக்ரஷன் தரும் எண்ணின்) பொருள் என்ன. மூன்றாவதற்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கெழுவையும் அலகோடு, வீட்டில் அம்மாவுக்குச் சொல்வதுபோல ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். ‘ரோன்97 பத்து சென் ஏறினால், மற்றவை மாறாதபோது, நாளொன்றுக்குப் பயணிகள் சராசரியாக இத்தனை பேர் கூடுகிறார்கள்.’ இதை மூச்சு விடாமல் சொல்ல முடிந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

முதல் நாள் மாலையில் ஆரை மூடித் திறந்து, ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டுங்கள். திரையில் வரும் ஒவ்வொரு எண்ணையும் அச்சடித்த அறிக்கையோடு பென்சிலால் டிக் செய்துகொண்டே வாருங்கள். எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால் எது சரி என்று கண்டுபிடிக்க அந்த இரவு இருக்கிறது. பிழைத்திருத்தத் தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வைவா தொடங்கும் முன்பே கொடுத்துவிடலாம்.